இறக்கத்தில் பிடிக்கும் குளிர்

தை மாதக் காலையில் மூணாறில் சைக்கிள் ஓட்டுபவரைக் குளிர் பிடிப்பது இறக்கத்தில்தான். தேவிகுளம் ஏறும்போது ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டவர், அதே சாலையில் டவுனுக்கு இறங்கும்போது பற்கள் தந்தியடிக்க வந்து நிற்பார். இடையில் வெயில் ஏறியிருக்குமே தவிரக் குளிர் கூடியிருக்காது. மாறியது அவருடைய உடலின் வெப்ப வரவுசெலவு.

வரவை முதலில் பார்ப்போம். மிதிக்கத் தசைகள் செலவிடும் ஆற்றலில் அதிகம் போனால் கால் பங்குதான் பெடலுக்குப் போய்ச் சேர்கிறது, மீதியெல்லாம் வெப்பம். 150 வாட் திறனில் ஏற்றம் மிதிப்பவரின் உடலுக்குள் 450 வாட்டுக்குக் குறையாமல் வெப்பம் பிறக்கிறது. சும்மா உட்கார்ந்திருந்தால் அது 100 வாட் அளவுதான். இறக்கத்தில் கால்கள் ஓய்ந்துவிடுவதால் அந்த வரவு நின்றுபோகிறது.

செலவோ அப்போதுதான் எகிறுகிறது. நம் தோலை ஒட்டி, உடல் சூட்டில் வெதுவெதுப்பான மெல்லிய காற்றுப் படலம் ஒன்று எப்போதும் இருக்கும். வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று அதை நொடிக்கு நொடி துடைத்தெடுத்துவிடுகிறது. அண்டார்டிகாவில் பால் சைப்பிள், சார்லஸ் பாசல் என்ற இரு ஆய்வாளர்கள் பிளாஸ்டிக் குடுவையில் நீரைத் தொங்கவிட்டு, காற்றின் வேகத்துக்கேற்ப அது எவ்வளவு விரைவில் உறைகிறது என்று அளந்தார்கள். 1945-இல் அந்த முடிவுகள் வெளியாயின. 2001-இல் திருத்தப்பட்ட இன்றைய கணக்குப்படி, 5 டிகிரிக் குளிரில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று முகத்தில் அடித்தால் அது ஏறக்குறைய 0 டிகிரி போலத் தோன்றும். காற்றில்லாத காலையில் அந்தக் காற்றைச் சைக்கிள் ஓட்டுபவரே உண்டாக்கிக்கொள்கிறார்.

இதோடு வியர்வையும் சேர்ந்துகொள்கிறது. ஒரு கிராம் வியர்வை ஆவியாக உடலிலிருந்து சுமார் 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். ஏற்றத்தில் நனைந்த பருத்திப் பனியன் இறக்கம் முழுவதும் இந்த வேலையைத்தான் செய்கிறது. மலை உச்சியில் செய்தித்தாளை வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு இறங்குவது ஐரோப்பியப் பந்தய வீரர்களின் பழைய வழக்கம். காகிதம் காற்றைத் தடுக்கும், ஈரத்தையும் கொஞ்சம் உறிஞ்சும். விலையுயர்ந்த ஜாக்கெட் வாங்க முடியாதவர்களுக்கு இதைவிட நல்ல யோசனை எனக்குத் தெரியவில்லை.

எல்லாவற்றிலும் நான் பெரிதாகக் கவலைப்படுவது விரல்களைப் பற்றித்தான். உள்ளுறுப்புகளின் சூட்டைக் காப்பாற்ற, உடல் முதலில் கைகால்களுக்குப் போகும் ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. விரல்களை மடக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருப்பதால் விரலுக்குள் சொந்தமாக வெப்பம் பிறப்பதும் மிகக் குறைவு. குளிர்ந்த விரலில் நரம்புச் சேதி மெதுவாகப் போகிறது, மூட்டுகள் விறைக்கின்றன. பிரேக்கைப் பிடித்திருக்கிறோமா, எவ்வளவு அழுத்துகிறோம் என்ற உணர்வே மழுங்கிவிடுகிறது. தாமஸ் லூயிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1930-இல் இன்னொன்றையும் கண்டு சொன்னார்: பனிநீரில் வைத்த விரலில் சில நிமிடங்களுக்குப் பிறகு குழாய்கள் தாமாக விரிந்து, மீண்டும் சுருங்கி, மாறி மாறி இயங்குகின்றன. நடு இறக்கத்தில் அதை நம்பிக்கொண்டிருக்க முடியாது. கையுறையை உச்சியிலேயே, விரல்கள் சூடாக இருக்கும்போதே மாட்டிக்கொள்ள வேண்டும். விறைத்த பிறகு மாட்டும் கையுறை குளிரையும் சேர்த்தே பொதிந்துவைக்கும்.

பள்ளத்தில் இறங்கும்போது திடீரென்று குளிர் அறைவதும் மனப்பிரமை அல்ல. மேகமற்ற இரவில் தரை தன் வெப்பத்தை வானுக்கு இழக்கிறது. அதைத் தொட்டுக் குளிர்ந்த காற்று கனத்து, தேயிலைச் சரிவு வழியே வழிந்து, ஓடைக்கரைகளில் தேங்குகிறது. செண்டுவரை, லட்சுமி எஸ்டேட் பக்கம் தாழ்வான புல்வெளிகள் உறைபனியில் வெளுத்திருக்க, மேலேயுள்ள லயங்களின் (தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளின்) முற்றம் வெறும் ஈரமாக இருப்பது இதனால்தான்.

டயரையும் கவனியுங்கள். மலைக்குக் கீழே போடியில் 30 டிகிரி வெயிலில் 60 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) காற்றடித்து வந்தால், 5 டிகிரிக் காலையில் அதில் சுமார் 6 குறையும். உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் ஏறத்தாழ 2 திரும்பக் கிடைக்கும். ஆக நிகர இழப்பு 4. பனி ஈரச் சாலையில் சற்றுத் தளர்ந்த டயரால் கெடுதல் இல்லை. ஏற்கெனவே காற்று குறைந்திருந்த டயரானால், குழியில் ரிம் இடித்து ட்யூப் ஓட்டையாகிவிடும். அதனால் டயர் அழுத்தத்தை மூணாற்றிலேயே, காலையில் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.