விரல் தயங்கும் இடம்

“என் அம்மாவுக்கு 78 வயது. 11 வருடமாக நான்தான் கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறேன். போன வாரம் கம்ப்யூட்டரில் ஒரு சோதனை செய்தேன். முதியவர்களைவிட இளைஞர்களிடம் எனக்கு ‘மிதமான தன்னியல்பு விருப்பம்’ இருக்கிறது என்று முடிவு வந்தது. சோதனை பொய்யா, நான் பொய்யா?” என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

இரண்டு நாளாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை. அவர் செய்தது ‘இம்ப்ளிசிட் அசோசியேஷன் டெஸ்ட்’, சுருக்கமாக ஐ.ஏ.டி. மனத்துக்குள் மறைந்திருக்கும் பாரபட்சத்தை அளக்கும் கருவி என்று பெயர் எடுத்த சோதனை. முடிவை மட்டும் கையில் கொடுத்துவிட்டு, அது எப்படி வந்தது என்று சொல்லாமல் விட்டால் யாருக்கும் மனம் நோகத்தான் செய்யும். அதனால் கருவியைத் திறந்து பார்த்துவிடுவோம்.

ஒருவர் மனத்தில் என்ன இருக்கிறது என்று அவரிடமே கேட்டுவிட்டால் என்ன? கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். 1930களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் லபியர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், ஓர் இளம் சீனத் தம்பதியைக் காரில் அழைத்துக்கொண்டு அந்த நாடு முழுக்கச் சுற்றினார். சீனர்கள் மீது அங்கே வெறுப்பு வெளிப்படையாக இருந்த காலம் அது. சுமார் 250 விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் போனார்கள். ஒரே ஓர் இடத்தில்தான் ‘இல்லை’ என்றார்கள். ஆறு மாதம் கழித்து அதே இடங்களுக்குக் கடிதம் எழுதி, சீனர்கள் வந்தால் இடம் கொடுப்பீர்களா என்று கேட்டார். பதில் போட்டவர்களில் 100-க்கு 90 பேருக்கும் மேல் ‘மாட்டோம்’ என்று எழுதினார்கள்! 1934-இல் வந்த இந்த ஆய்வோடு, வாய்ச்சொல்லை வைத்து நடத்தையைக் கணிக்கலாம் என்ற நம்பிக்கை ஆட்டம் கண்டது. இன்றைக்கு நிலைமை பெரும்பாலும் தலைகீழ். தாளில் எல்லோருமே சமத்துவம் பேசுகிறோம்.

1971-இல் வேறொரு வழி வந்தது. உடம்பில் மின்வாய்களை ஒட்டி, ‘உங்கள் உண்மையான எண்ணம் இந்தக் கருவிக்குத் தெரிந்துவிடும்’ என்று நம்பவைத்தார்கள். உண்மையில் அந்தக் கருவி எதையும் அளக்கவில்லை. ஆனாலும் அதில் மாட்டப்பட்டவர்கள், சாதாரணமாக ஒப்புக்கொள்ளாத பாரபட்சத்தை ஒப்புக்கொண்டார்கள். சரி, மறைப்பவரிடம் இது பலிக்கும். மறைக்கவே இல்லாத, தனக்குள் அப்படி ஒன்று ஓடுகிறது என்று தானே உணராத ஒருவரிடம் எப்படிக் கேட்பது?

அங்கேதான் கடிகாரம் உள்ளே வருகிறது. மனத்தின் வேலைக்கு நேரம் பிடிக்கிறது, அந்த நேரத்தை அளக்கவும் முடியும் என்று 1868-இலேயே காட்டியவர் டச்சு உடலியலாளர் டோண்டர்ஸ். ஒரு விளக்கு எரிந்ததும் கையை அசைப்பதற்கும், இரண்டு விளக்குகளில் எது எரிந்தது என்று பார்த்து அதற்கேற்ற கையை அசைப்பதற்கும் உள்ள கால வித்தியாசம்தான் ‘தேர்ந்தெடுக்கும்’ வேலைக்கான நேரம் என்றார். 1935-இல் அமெரிக்க உளவியலாளர் ஸ்ட்ரூப் இன்னொன்றைக் காட்டினார். ‘சிவப்பு’ என்ற சொல்லைப் பச்சை மையில் எழுதி, மையின் நிறத்தைச் சொல்லச் சொன்னால் நாக்கு தடுமாறுகிறது. படிக்கத் தெரிந்தவரால் படிக்காமல் இருக்க முடியாது. பழகிப்போன தொடர்பு, அழைக்காமலே வந்து வழியை மறிக்கிறது.

இதை நீங்களே விரலால் உணர்ந்து பார்க்கலாம். ஒரு சீட்டுக்கட்டும் ஸ்டாப்வாட்ச்சும் போதும். சீட்டைக் கலைத்துவிட்டு, ஆர்ட்டினையும் டைமனையும் இடப்பக்கம், இஸ்பேடையும் கிளாவரையும் வலப்பக்கம் என்று பிரித்துப் போடுங்கள். கை பறக்கும். ஏனென்றால் நீங்கள் நான்கு வகை பார்க்கவே இல்லை. சிவப்பு ஒரு பக்கம், கறுப்பு ஒரு பக்கம், அவ்வளவுதான். இப்போது மறுபடி கலைத்து, ஆர்ட்டினும் இஸ்பேடும் இடப்பக்கம், டைமனும் கிளாவரும் வலப்பக்கம் என்று போட்டுப் பாருங்கள். அதே 52 சீட்டு, அதே கை, அதே கண். ஆனால் ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு சின்னத் தயக்கம் வரும், நேரம் கூடும். அந்தக் கூடுதல் நேரத்தில் ஒரு செய்தி இருக்கிறது: ஆர்ட்டினும் டைமனும் உங்கள் மனத்தில் ஏற்கெனவே ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. உங்களிடம் யாரும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. நேரம் சொல்லிவிட்டது. இந்த யோசனையின் எளிமையை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு அலுப்பதில்லை. அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பார்கள். இவர்கள் அதை விரல் நுனியில் தேடினார்கள்.

ஐ.ஏ.டி. இந்தச் சீட்டாட்டம்தான். 1998-இல் அமெரிக்க உளவியலாளர் ஆந்தனி கிரீன்வால்டும் அவருடைய இரண்டு சகாக்களும் வெளியிட்டார்கள். பூக்களும் பூச்சிகளும் அவர்களுடைய முதல் பரிசோதனைப் பொருள்கள். பூவோடு இனிய சொற்களைச் சேர்த்தபோது விரல்கள் விரைந்தன. பூச்சியோடு இனிய சொற்களைச் சேர்த்தபோது தயங்கின. இதில் யாருக்கும் சந்தேகம் இருந்திருக்காது. கருவி வேலை செய்கிறதா என்று பார்க்க அப்படி ஒன்றுதானே வேண்டும். அப்புறம் மனித இனங்களுக்குப் போனார்கள். கிரீன்வால்டு, செகந்தராபாத்தில் பிறந்து வளர்ந்த மஹ்சரின் பனாஜி, பிரையன் நோசெக் மூவரும் சேர்ந்து அதே 1998-இல் சோதனையை இணையத்தில் யார் வேண்டுமானாலும் செய்யும்படி திறந்துவிட்டார்கள்.

வாசகி செய்ததில் சீட்டுக்குப் பதில் முகங்களும் சொற்களும். இளம் முகமோ நல்ல சொல்லோ வந்தால் இடது கீ, முதிய முகமோ கெட்ட சொல்லோ வந்தால் வலது கீ என்று ஒரு சுற்று. முகங்களை இடம் மாற்றி, முதிய முகமும் நல்ல சொல்லும் ஒரே கீ என்று இன்னொரு சுற்று. எந்தச் சுற்று முதலில் வருகிறதோ அதற்குக் கொஞ்சம் சலுகை கிடைத்துவிடும். விரல் அதற்குப் பழகிவிடுகிறது. அதனால் பாதிப் பேருக்கு வரிசையை மாற்றிக் கொடுக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் கணக்குப் போடும் முறை. இரண்டு சுற்றின் சராசரி நேரத்தைக் கழித்தால் போதாதா? போதாது. ஒரு கணக்குக்கு, வேகமான கை உள்ள ஒருவர் முதல் சுற்றில் சராசரி 700 மில்லி விநாடியும் இரண்டாவதில் 850 மில்லி விநாடியும் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நிதானமான இன்னொருவருக்கு 1,200, 1,350. இருவருக்கும் வித்தியாசம் 150 மில்லி விநாடிதான். ஆனால் நிதானமானவருடைய நேரம் இயல்பாகவே ஏறி இறங்கும். ஒரு முகத்துக்கு 800, அடுத்ததற்கு 1,900 என்று. அந்த ஆட்டத்துக்குள் 150 என்பது காற்றில் அசையும் இலை மாதிரி. எனவே 2003-இல் கணக்கைத் திருத்தினார்கள். வித்தியாசத்தை, அந்த மனிதருடைய சொந்த ஏற்ற இறக்கத்தால், அதாவது திட்ட விலக்கத்தால் வகுத்தார்கள். முதலாமவரின் திட்ட விலக்கம் 300 என்றால் அவருக்கு 0.5. இரண்டாமவருக்கு அது 500 என்றால் 0.3. முடிவுத் திரையில் வரும் சொற்களுக்குப் பின்னால் இருப்பது இந்த எண்தான்: 0.15-ஐத் தாண்டினால் ‘சிறிதளவு’, 0.35-ஐத் தாண்டினால் ‘மிதமான’, 0.65-ஐத் தாண்டினால் ‘வலுவான’. ஒரே 150 மில்லி விநாடி, ஒருவருக்கு ‘மிதமான’ ஆகிறது, மற்றவருக்குச் ‘சிறிதளவு’ ஆகிறது. ஒவ்வொருவரையும் அவரவர் நடுக்கத்தைக் கொண்டே அளக்கும் இந்த நேர்மை எனக்கு அழகாகப் படுகிறது. யோசிக்காமல் விரலைத் தட்டிக்கொண்டே போகிறவரையும் விட்டுவைக்கவில்லை. பத்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட பதில்கள் 300 மில்லி விநாடிக்குள் வந்திருந்தால் அவருடைய கணக்கையே தள்ளிவிடுகிறார்கள்.

இவ்வளவு கவனமாகச் செய்த கருவியை நம்பலாமா? இங்கேதான் வாசகியின் துயரத்துக்குப் பதில் இருக்கிறது.

முதல் விஷயம், அதே ஆள் சில நாள் கழித்து மறுபடி செய்தால் அதே எண் வருவதில்லை. இரண்டு தடவைக்கும் உள்ள ஒட்டுறவு சுமார் 0.5, முழுப் பொருத்தம் என்றால் 1 இருக்க வேண்டும். தனிமனிதரைப் பற்றி முடிவு சொல்ல இது போதாது. எடை பார்க்கும் இயந்திரம் இப்படி இருந்தால் யாரும் ஏறி நிற்கமாட்டோம். அடுத்தது, நடத்தையோடு உள்ள தொடர்பு. கிரீன்வால்டு குழு 2009-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அந்த ஒட்டுறவு 0.27 அளவில் இருந்தது. 2013-இல் ஆஸ்வால்டு குழு இன பாரபட்சம் தொடர்பான ஆய்வுகளைத் தொகுத்தபோது 0.15 அளவுக்கு இறங்கியது. இரண்டில் எதை எடுத்தாலும், ஒரு எண்ணைப் பார்த்து ‘இவர் இப்படித்தான் நடப்பார்’ என்று சொல்ல முடியாது. அப்படிச் சொல்வது ஜாதகம் பார்ப்பதுதான். கம்ப்யூட்டர் சொன்னால் மட்டும் அது அறிவியல் ஆகிவிடாது.

இந்தச் சோதனை ‘ஆழ்மனத்தை’ அளக்கிறது என்று சொல்வதும் அளவுக்கு மீறியது. சோதனைக்கு முன்பே ‘உங்களுக்கு என்ன முடிவு வரும்?’ என்று கேட்டால் பலரும் ஓரளவு சரியாகவே சொல்லிவிடுகிறார்கள் என்று 2014-இல் ஓர் ஆய்வு காட்டியது. உள்ளே நடப்பது நமக்குத் தெரியாமல் இல்லை; கவனித்தால் தெரிகிறது.

அப்படியானால் அளந்தது எதை? என் மனத்தில் இதற்கு ஒரு படம் உண்டு. புல்வெளியில் ஒற்றையடிப் பாதை யாரும் திட்டம் போட்டு வெட்டியதல்ல. பல கால்கள் நடந்து நடந்து விழுந்தது. ‘முதுமை’ என்ற சொல்லையும் ‘நோய்’ என்ற சொல்லையும் விளம்பரமும் நகைச்சுவையும் செய்தியும் பேச்சும் ஆயிரம் தடவை பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எல்லோர் மனத்திலும் அங்கே புல் தேய்கிறது. விரல் அந்தத் தடத்தில் வேகமாக ஓடுகிறது. தடம் இருக்கிறது என்பது நிஜம். போட்டவர் நீங்கள் மட்டும் என்பதுதான் பிழை.

2017-இல் உளவியலாளர் கீத் பெய்னும் சகாக்களும் இதையே வலுவாக முன்வைத்தார்கள். ஒரு மனிதரின் எண் வாரத்துக்கு வாரம் ஆடினாலும், ஒரு பகுதி மக்களின் சராசரி ஆடாமல் நிற்கிறது. அமெரிக்காவின் தென்பகுதிக் கவுண்டிகளில் (நம் மாவட்டம் மாதிரி) 1860 கணக்குப்படி அடிமைகளின் விகிதம் எங்கே அதிகமோ, அங்கே இன்றைய வெள்ளையர்களின் ஐ.ஏ.டி. சாய்வும் அதிகம் என்று 2019-இல் அவர்கள் காட்டினார்கள். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் போட்ட தடம்! இதைப் படித்தபோது நான் கொஞ்ச நேரம் வேறு வேலை பார்க்கவில்லை.

அதனால்தான் பணம் போகும் திசையைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. 2018 மே 29 அன்று ஸ்டார்பக்ஸ் என்ற காபிக்கடை நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 8,000 கடைகளை ஒரு பிற்பகல் மூடி, ஊழியர்களுக்குப் பாரபட்சம் பற்றிப் பயிற்சி நடத்தியது. நோக்கம் நல்லதுதான். ஆனால் சாய்வைக் குறைக்கும் ஒன்பது வழிகளை 2016-இல் சோதித்தபோது, ஒன்பதின் பலனும் சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ கரைந்துபோனது. ஏறத்தாழ 500 ஆய்வுகளைத் தொகுத்த 2019 அறிக்கையில், சோதனை எண் மாறினாலும் நடத்தை கூடவே மாறியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஒரு பிற்பகல் எதிர்த்திசையில் நடந்தால் தடம் அழியுமா?

நடப்பதை நேரடியாக அளக்கும் வேலைக்கு இன்னும் நிறைய நிதி வேண்டும் என்பது என் கட்சி. பெயரை மட்டும் மாற்றி ஒரே மாதிரி வேலை விண்ணப்பங்களை அனுப்பிப் பார்ப்பது அதில் ஒன்று. 2004-இல் வெளியான பெர்ட்ராண்ட், முல்லைநாதன் ஆய்வில் பாஸ்டனுக்கும் சிகாகோவுக்கும் சுமார் 5,000 விண்ணப்பங்கள் போயின. வெள்ளையர் பெயர் இருந்தவற்றுக்கு, கறுப்பர் பெயர் இருந்தவற்றைவிட ஒன்றரை மடங்கு அழைப்பு வந்தது. 2007-இல் வெளியான சுகதேவ் தோரட், பால் அட்டிவெல் ஆய்வு இந்தியாவில் தலித், முஸ்லிம் பெயர்களுக்கும் இதே நிலைதான் என்று காட்டியது. இங்கே யார் மனத்திலும் புக வேண்டியதில்லை. பெயரை மறைத்துவிட்டு விண்ணப்பத்தைப் படிக்கச் சொன்னால், தடம் இருந்தும் கால் அதில் போக வழியில்லை.

இனி வாசகிக்கு. 2007 முதல் 2016 வரை செய்யப்பட்ட 44 லட்சம் சோதனைகளை சார்லஸ்வொர்த்தும் பனாஜியும் அலசினார்கள். தன்பாலின ஈர்ப்பாளர்கள் மீதான சாய்வு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. இனம், தோல் நிறம் ஆகியவற்றிலும் குறைவு தெரிந்தது. வயது குறித்த சாய்வோ கிட்டத்தட்ட அசையவில்லை. அதோடு, இந்தச் சோதனையில் 60 வயதைத் தாண்டியவர்களின் விரலும் இளைஞர்களின் விரல் அளவுக்கே இளமைப் பக்கம் சாய்கிறது. உங்கள் அம்மாவைக் கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்து அதே முகங்களைக் காட்டினாலும், அவருக்கும் பெரும்பாலும் உங்கள் முடிவேதான் வரும்.