வரிசையைக் குழப்புவது சூப் இல்லை

இந்த மாரிக்கும் அதே பிழையோடு ஒரு நிரல் என்னிடம் வந்திருக்கிறது. கிளிநொச்சியில் படிக்கும் பிள்ளைகள், குளங்களின் நீர்மட்டத்தை ஓர் இணையப் பக்கத்திலிருந்து எடுத்து வயல் செய்பவர்களின் தொலைபேசிக்கு அனுப்ப எழுதியது. நல்ல வேலைதான். ஆனால் இரணைமடுவின் வான்கதவு திறக்கும் அறிவித்தல் அக்கராயன்குளத்தின் பெயரில் போயிருக்கிறது. கண்டாவளைப் பக்கம் தாழ்நிலத்தில் இருப்பவர் அதை வாசித்து, நமக்கில்லை என்று இருந்துவிட்டால்?

"சூப் வரிசையை மாத்திப்போட்டுது சேர்" என்கிறார்கள். இல்லை பிள்ளைகள். சூப் என்பது பியூட்டிஃபுல் சூப், இணையப் பக்கத்தைப் பிரித்து வாசிக்கும் பைதன் நூலகம். அதில் கேட்டதையெல்லாம் தேடித் தரும் ஃபைண்ட் ஆல், பக்கத்தில் உள்ள வரிசைப்படிதான் தரும். நீங்கள் முதலில் எச்3 (குளத்தின் பெயர் இருக்கும் தலைப்பு) எல்லாவற்றையும் கேட்டீர்கள், தந்தது. பிறகு பி (பத்தி) எல்லாவற்றையும் கேட்டீர்கள், அதையும் தந்தது. இரண்டு பட்டியலும் தனித்தனியே சரி. எந்தப் பத்தி எந்தத் தலைப்பின் கீழ் இருந்தது என்பது, இரண்டு தரம் கேட்டபோதே கைவிட்டுப் போய்விட்டது. அதை ஸிப் போட்டு, அதாவது இரண்டு பட்டியலையும் ஒன்றுக்கு ஒன்றாகச் சோடி சேர்த்து, மீட்க முடியாது.

அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். இரணைமடுவின் கீழ் இரண்டு பத்திகள்: ஒன்று நீர்மட்டம், மற்றது வான்கதவு. ஸிப் அந்த இரண்டாவதை அக்கராயனுக்குக் கொடுக்கிறது. அக்கராயனின் நீர்மட்டம் முத்தையன்கட்டுக்குப் போகிறது. கடைசிப் பத்தி சத்தமில்லாமல் விழுந்துவிடுகிறது. பிழைச் செய்தி எதுவும் வராது. கோடையில் குளத்துக்கு ஒரு பத்திதான் இருந்ததால் எல்லாம் சரியாகத் தெரிந்தது.

ஒரே தரத்தில் கேளுங்கள். ஃபைண்ட் ஆலுக்கு எச்3, பி இரண்டையும் ஒரே பட்டியலாகக் கொடுங்கள். சூப்பின் இன்னொரு தேடலான செலக்ட் என்றால் இரண்டுக்கும் நடுவில் காற்புள்ளி. எல்எக்ஸ்எம்எல் என்ற இன்னொரு நூலகத்தில் எக்ஸ்பாத் என்ற தேடல் மொழியில் எழுதுபவர்கள் நடுவில் நிலைக்கோடு போடுங்கள். எதை முதலில் எழுதினாலும் விடை பக்கத்தின் வரிசையில்தான் வரும். அப்புறம் சுற்றில் எச்3 வந்தால் குளத்தின் பெயரை மாற்றுங்கள், பி வந்தால் அந்தப் பெயரின் கீழ் சேருங்கள். பத்தி மட்டும் கையில் இருந்தால், அதிலிருந்து ஃபைண்ட் பிரீவியஸ் போட்டு மேலேயுள்ள எச்3ஐக் கேட்கலாம்.

இரட்டிப்பை நீக்க செட் என்ற பைதன் தொகுப்பில் போடாதீர்கள், வரிசை போய்விடும். டிக்ட் (சாவியும் மதிப்புமாக வைக்கும் தொகுப்பு) போதும், பைதன் 3.7 முதல் அது போட்ட வரிசையைக் காக்கும். டிவ்வையும் (பக்கத்தின் ஒரு பகுதியை அடக்கும் பெட்டி) அதற்குள் இருக்கும் பியையும் சேர்த்துக் கேட்டால் ஒரே எழுத்து இரண்டு தரம் வரும், அதையும் பாருங்கள்.

தயவுசெய்து, ஒரு குளத்துக்கு இரண்டு பத்தி, இன்னொன்றுக்குப் பத்தியே இல்லை என்று ஒரு பக்கத்தை நீங்களே எழுதி ஓட்டிப் பார்த்த பிறகு ஆட்களுக்கு அனுப்புங்கள்.