கம்பெனிப் பட்டயம் அரசியலமைப்பான விதம்

அமெரிக்க அரசியலமைப்பின் வேரைத் தேடுபவர்கள் பெரும்பாலும் இங்கிலாந்து மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய 1215ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டாவில் போய் நிற்பார்கள். அதைவிடச் சுவாரசியமானது, 1629இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ் ஒரு வணிகக் கம்பெனிக்கு வழங்கிய பட்டயம், அதாவது உரிமை ஆவணம்.

மாசசூசெட்ஸ் விரிகுடா கம்பெனியின் அந்தப் பட்டயத்தில் புரட்சிகரமாக எதுவும் இல்லை. ஒரு கவர்னர், ஒரு துணைக் கவர்னர், நிர்வாகத்துக்கு 18 உதவியாளர்கள். பங்குதாரர்கள் ஆண்டுக்கு நான்கு முறை பொதுமன்றமாகக் கூடி விதிகளை இயற்றலாம். அவை இங்கிலாந்தின் சட்டத்துக்கு முரணாக இருக்கக் கூடாது. கூட்டம் எந்த ஊரில் நடக்க வேண்டும் என்பது மட்டும் அதில் எழுதப்படவில்லை. கம்பெனியைக் கையில் வைத்திருந்த பியூரிட்டன்கள் (இங்கிலாந்துத் திருச்சபையைச் சீர்திருத்த விரும்பிய கிறிஸ்தவர்கள்) அந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டார்கள். 1630இல் கம்பெனியின் கவர்னர் ஜான் வின்த்ராப் பட்டயத்தையே கப்பலில் ஏற்றிக்கொண்டு அமெரிக்கா சென்றார். மன்னரின் கைக்கு எட்டாத தொலைவில், கம்பெனியின் பொதுக்கூட்டம் ஒரு குடியேற்றத்தின் சட்டமன்றமாக மாறத் தொடங்கியது.

உடனே மாறிவிடவில்லை. அதிகாரத்தை உதவியாளர்களிடமே வைத்துக்கொள்ள வின்த்ராப் விரும்பினார். 1632இல் கோட்டை கட்டுவதற்காக விதிக்கப்பட்ட வரியை, தங்கள் சம்மதம் பெறவில்லை என்று வாட்டர்டவுன் ஊரார் எதிர்த்தார்கள். 1634இல் ஊர்களின் பிரதிநிதிகள் வந்து, பட்டயத்தைக் காட்டுங்கள் என்று கேட்டார்கள். படித்துப் பார்த்தால், சட்டம் இயற்றும் உரிமை பொதுமன்றத்துக்கே இருந்தது! அந்த ஆண்டிலிருந்து ஒவ்வோர் ஊரும் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து அனுப்பியது. ஆள்பவரின் அதிகாரத்தை எழுத்தில் இருப்பதைக் கொண்டு அளக்கும் பழக்கம் இப்படித்தான் வேரூன்றியது. பத்து ஆண்டுகள் கழித்து மன்றம் இரண்டு அவைகளாகப் பிரிந்ததற்குக் காரணம் இதைவிட வேடிக்கையானது: காணாமல் போன ஒரு பெண் பன்றி யாருக்குச் சொந்தம் என்ற வழக்கில் உதவியாளர்களும் ஊர்ப் பிரதிநிதிகளும் ஒத்துப்போகவில்லை.

உரிமைகளின் கதை வேறு. அதற்கு அச்சமே காரணம்: எழுதப்பட்ட சட்டம் இல்லாவிட்டால் நீதிபதி நினைத்ததே தண்டனையாகிவிடும். 1641இல் மாசசூசெட்ஸ் ஏற்றுக்கொண்ட உரிமைத் தொகுப்பில் 98 பிரிவுகள் இருந்தன. ஒரே குற்றத்துக்கு இருமுறை தண்டனை கூடாது, ஈடு கொடுக்காமல் உடைமையை எடுக்கக் கூடாது என்பவை அதில் உண்டு. 1791இல் அமெரிக்க அரசியலமைப்பில் சேர்ந்த உரிமைத் திருத்தங்களில் இவற்றின் சாயலைப் பார்க்கலாம். ஆனால் அதே தொகுப்பின் 91ஆம் பிரிவு, போரில் பிடிபட்டவர்களையும் விற்கப்பட்ட அந்நியர்களையும் அடிமைகளாக வைத்திருக்க அனுமதித்தது. வர்ஜீனியாவிலும் இதே முரண்தான். 1619 ஜூலையில் ஜேம்ஸ்டவுன் தேவாலயத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளின் முதல் அவை கூடியது. ஆகஸ்டில் சிறைப்பிடிக்கப்பட்ட ஆப்பிரிக்கர்களை ஏற்றிய கப்பல் அந்தக் குடியேற்றத்துக்கு வந்து சேர்ந்தது.

பட்டயத்தில் இருந்த, இங்கிலாந்துச் சட்டத்துக்கு முரணாக இருக்கக் கூடாது என்ற வரிக்கு இன்னொரு விளைவும் இருந்தது. குடியேற்றங்களின் சட்டங்களை லண்டனில் இருந்த மன்னரின் ஆலோசனைக் குழு செல்லாது என்று அறிவிக்க முடிந்தது. 1728இல் கனெக்டிகட்டின் வாரிசுச் சட்டம் ஒன்று அப்படித்தான் வீழ்ந்தது. சொத்து வழக்கில் தோற்றவர்கள் குமுறியிருப்பார்கள். ஆனாலும், சட்டமன்றம் இயற்றியது என்பதாலேயே ஒரு சட்டம் செல்லுபடியாகிவிடாது, அதற்கு மேலே இன்னொரு ஆவணம் உண்டு என்ற எண்ணம் அங்கே பழகிப்போனது. பிரிட்டனில் நாடாளுமன்றமே உச்சம் என்ற கொள்கை வலுத்துவந்த காலத்தில், அதன் குடியேற்றங்கள் வேறொரு பாடத்தைக் கற்றுக்கொண்டிருந்தன.

1776இல் சுதந்திரம் அறிவித்த பிறகு பெரும்பாலான மாநிலங்கள் புதிய அரசியலமைப்பை எழுத உட்கார்ந்தன. கனெக்டிகட்டும் ரோட் ஐலண்டும் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் சார்லஸ் மன்னர் 1662இலும் 1663இலும் கொடுத்த பட்டயங்களே போதும் என்று, மன்னர் என்ற உறவை மட்டும் வெட்டிவிட்டுத் தொடர்ந்தன. கனெக்டிகட் 1818 வரை அப்படியே இருந்தது. ரோட் ஐலண்டின் பட்டயம் மதச் சுதந்திரத்துக்குப் பேர்பெற்றது. ஆனால் அதன் கீழ் நிலமுள்ளவர்களுக்கே வாக்கு என்ற நிலை நீடித்தது. ஆலைத் தொழிலாளர்கள் பெருகிய காலத்தில் அது வெடித்தது. 1842இல் தாமஸ் டார் தலைமையில் ஆயுதக் கிளர்ச்சி நடந்து ஒடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த பிறகுதான் மன்னரின் பட்டயம் ஓய்வுபெற்றது.