எடையைச் சொல்லித் திட்டினால் உடம்பு என்ன செய்கிறது?

பிரஷர் பார்க்கும்போது கையில் சுற்றுகிற பட்டைக்கு அளவு உண்டு. பருத்த கையில் சின்னப் பட்டையைச் சுற்றினால், உள்ளே ஓடும் ரத்தக் குழாயை அழுத்தி மூடக் கூடுதல் காற்று தேவைப்படும். கருவி அதையும் சேர்த்து ரத்த அழுத்தம் என்று காட்டிவிடும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட சோதனையில், மிகப் பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்கு வழக்கமான பட்டையைக் கட்டியபோது மேல் அளவு சராசரியாக 19.5 புள்ளி ஏறிக் காட்டியது. உண்மையில் 124 இருக்கிறவருக்கு 144. இல்லாத நோய்க்கு மாத்திரை எழுத இது போதும். நீங்கள் போகும் கிளினிக்கில் பெரிய பட்டை இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. பருமனான உடம்பை நினைத்துப் பார்க்காமலே அறையையும் கருவியையும் அமைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் எடை சார்ந்த ஒதுக்கலில் இதுவும் ஒரு பகுதி. இதைவிட ஆபத்தானது, நோயாளி வாய் திறப்பதற்கு முன்பே மருத்துவர் மனதில் விழுந்துவிடுகிற முடிவு.

ஹூஸ்டன் நகரில் 122 மருத்துவர்களிடம் ஒற்றைத் தலைவலியோடு வந்த ஒருவரின் குறிப்பைக் கொடுத்தார்கள். எல்லாம் ஒன்றே, எடை மட்டும் வேறு. சராசரி எடை என்றால் ஏறத்தாழ 31 நிமிடம் ஒதுக்குவோம் என்றவர்கள், பருமன் என்றதும் 22 நிமிடத்துக்கு இறங்கினார்கள். 2001-இல் வெளியான ஆய்வு இது. அந்த ஒன்பது நிமிடத்தில்தான் 'வலி எப்போது தொடங்கியது, கூடவே வேறென்ன செய்கிறது' என்ற கேள்விகள் இருக்கின்றன.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2018-இல் கனடாவின் விக்டோரியா நகரில் வெளிவந்த ஒரு இரங்கல் அறிவிப்பு சாட்சி. 64 வயதில் இறந்த பெண் அவர். சில ஆண்டுகளாக உடல்நிலை சரியில்லாமல் உதவி தேடிப் போன இடங்களில் எடையைக் குறைக்கச் சொன்னதைத் தவிர வேறு யோசனை கிடைக்கவில்லை. கடைசியில் அறுவை சிகிச்சைக்கு இடமில்லாத புற்றுநோய் என்று தெரிந்தபோது சில நாட்களே மிஞ்சியிருந்தன. பருமனான பெண்கள் தங்கள் உடல்நலத்துக்காகக் குரல் கொடுக்க வேண்டும், எடையைக் காரணம் காட்டித் தட்டிக்கழிக்க விடக்கூடாது என்பதே அவருடைய கடைசி வேண்டுகோள். ஒவ்வொரு முறையும் திட்டு வாங்குகிறவர், அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போவதையே தள்ளிப்போடுவார் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

அவமானம் உடம்புக்குள்ளும் வேலை செய்கிறது. பருமனானவர்களைக் கேலி செய்யும் காட்சிகளைச் சில பெண்களுக்குப் போட்டுக் காட்டி, எச்சிலில் கார்ட்டிசால் அளவைப் பார்த்தார்கள். சாதாரணக் காட்சிகளைப் பார்த்தவர்களைவிட இவர்களுக்கு அது உயர்ந்த நிலையிலேயே நீடித்தது. ஒல்லியாக இருந்தவர்களுக்கும் அப்படித்தான். கார்ட்டிசால் நெருக்கடி நேரத்து ஹார்மோன். ரத்தச் சர்க்கரையை ஏற்றும், இனிப்பும் கொழுப்பும் தேடவைக்கும், நாள்கணக்கில் நீடித்தால் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர வழிசெய்யும். இதே வகையான இன்னொரு சோதனையில், கேலிக் காட்சிகளைப் பார்த்த எடை கூடிய பெண்கள், சாதாரணக் காட்சிகளைப் பார்த்த எடை கூடிய பெண்களைவிட மூன்று மடங்குக்கும் மேல் கலோரி சாப்பிட்டார்கள்.

'நாலு வார்த்தை சொன்னால்தானே உறைக்கும்' என்பார்கள். நம் கல்யாண வீடுகளில் 'நல்லா வெயிட் போட்டுட்டியே' என்பது நலம் விசாரிப்பாகவே நடக்கிறது. இங்கிலாந்தில் 50 வயதைத் தாண்டிய 2,944 பேரை நான்கு ஆண்டுகள் கவனித்ததில், எடைக்காகப் பாகுபாட்டுக்கு ஆளானதாகச் சொன்னவர்களுக்குச் சராசரியாக 0.95 கிலோ கூடியிருந்தது, மற்றவர்களுக்கு 0.71 கிலோ குறைந்திருந்தது. அமெரிக்காவின் இரண்டு பெரிய கண்காணிப்பு ஆய்வுகளில், இப்படிப்பட்ட பாகுபாட்டைச் சந்தித்தவர்களின் இறப்பு அபாயம் கிட்டத்தட்ட 60 சதவீதம் அதிகம். உடல் எடையின் பங்கைக் கழித்த பிறகும் அது பெரும்பாலும் அப்படியே நின்றது. இவை தொடர்பைக் காட்டும் கணக்குகள், காரணத்தை நிரூபிப்பவை அல்ல. ஆனால் திட்டு மருந்தாகும் என்பதற்கு இவற்றில் ஒரு தடயமும் இல்லை.

உடல் பருமனால் சர்க்கரை நோயும் இதய நோயும் மூட்டுத் தேய்மானமும் கூடுகின்றன என்பது உண்மை. அதை மறைக்கத் தேவையில்லை. பருமனுக்கு மன உறுதி இல்லாததுதான் காரணம் என்பதுதான் பொய். அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் பெருமளவு எடை குறைத்த 14 பேரை ஆறு ஆண்டு கழித்துச் சோதித்தபோது, சும்மா இருக்கையில் அவர்கள் உடம்பு செலவழித்த கலோரி, எதிர்பார்த்ததைவிட நாளொன்றுக்கு 500 அளவில் குறைவாக இருந்தது. அத்தனை உழைத்தவர்களில் பெரும்பாலோருக்கு இழந்த எடையில் பெரும்பகுதி திரும்பியிருந்தது. உடம்பே எதிர்த்துப் போராடும்போது ஆளைக் குறை சொல்வது அநியாயம்.

முட்டி வலிக்கோ மூச்சுத் திணறலுக்கோ போய், எடையைக் குறையுங்கள் என்ற ஒரே பதிலோடு திரும்புகிறவர்கள் ஒரு கேள்வி கேட்கலாம்: "டாக்டர், இதே தொந்தரவோடு ஒல்லியான ஒருத்தர் வந்தால் என்னென்ன டெஸ்ட் எழுதுவீங்க? அதை எனக்கும் எழுதுங்க."