குன்னூர் மலையை 1,024 மீட்டருக்குள் அடக்குவது எப்படி?

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 17,921 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எவரெஸ்ட்டின் மேல் இன்னொரு எவரெஸ்ட்டை ஏற்றி வைத்தாலும் எட்டாத உயரம். முதல் தடவை நீலகிரியின் உயரத் தரவைக் கணினியில் திறந்தபோது எனக்கு அப்படித்தான் காட்டியது. ஊர் என்று சொல்லத்தக்க எதுவும் திரையில் இல்லை. ஆயிரக்கணக்கான ஊசிகளைக் கவிழ்த்து நட்டதுபோல ஏதோ ஒன்று நின்றது.

தவறு சிறியது. மேட்டுப்பாளையம் ரயில் நிலையத்தின் உண்மையான உயரம் 326 மீட்டர். கோப்பில் ஒவ்வோர் உயரமும் இரண்டு துண்டுகளாக எழுதப்பட்டிருக்கிறது. 326 என்பது 1, 70 என்ற இரு எண்கள்: 1 × 256 + 70. நான் அவற்றை இடம் மாற்றிப் படித்துவிட்டேன்: 70 × 256 + 1 = 17,921. பக்கத்துப் புள்ளியில் தரை ஒரே ஒரு மீட்டர் உயர்ந்து 327 ஆனால், என் மலை 256 மீட்டர் துள்ளும். ஊசிகளுக்குக் காரணம் அதுதான். இதில் வெட்கப்பட அதிகம் இல்லை. 2020-இல் வெளியான மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் என்ற விமானம் ஓட்டும் விளையாட்டில், மெல்போர்ன் புறநகர் ஒன்றில் வானத்தைக் குத்தும் ஒற்றைக் கோபுரம் முளைத்தது. யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் யாரோ ஒரு வீட்டின் மாடிகளை 2 என்பதற்குப் பதில் 212 என்று தட்டியிருந்தார்கள். கணினி அதை அப்படியே நம்பிக் கட்டிவிட்டது.

நான் செய்ய நினைத்தது இதுதான். சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் என்ற நகரம் கட்டும் விளையாட்டில் மேட்டுப்பாளையம் முதல் குன்னூர் வரையிலான மலையை உண்மைத் தரவிலிருந்து உருவாக்க வேண்டும். அதில் மலை ரயிலை ஓட்ட வேண்டும். விளையாட்டின் வரைபடம் 17.28 கிலோமீட்டர் பக்கமுள்ள சதுரம். இரு ஊர்களுக்கும் இடையே காக்கை பறக்கும் தூரம் ஏறக்குறைய 16 கிலோமீட்டர். மூலைகளில் கொஞ்சம் இடம் மிஞ்சும் அளவுக்குப் பொருந்துகிறது.

கணினியே கற்பனையாக மலை செய்து தராதா? தரும். நாற்பது ஆண்டுகளாகத் தந்துகொண்டிருக்கிறது. சீரற்ற எண்களை மென்மையாக்கி, பெரிய அலைமேல் சிறிய அலை, அதன்மேல் இன்னும் சிறிய அலை என்று அடுக்கினால் தொலைவிலிருந்து பார்க்க மலைபோலவே இருக்கும். பக்கத்தில் போனால்தான் குறை தெரியும்: அந்த மலையில் மழை பெய்ததே இல்லை. உண்மை மலையில் எந்த மடிப்பில் தண்ணீரை ஊற்றினாலும் அது ஓடை தேடி, ஓடை ஆறு தேடி, ஆறு கடல் தேடிப் போகும். இலட்சக்கணக்கான ஆண்டுகள் தண்ணீர் செதுக்கிய வழி அது. கற்பனை மலையில் குழிகள் உண்டு, மேடுகள் உண்டு, வடிகால் கிடையாது.

உண்மைத் தரவு வானத்திலிருந்து வந்தது. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் பதினொரு நாள் பூமியைச் சுற்றியது. சரக்கு அறையில் ஒரு ரேடார் ஆண்டெனா இருந்தது. பக்கவாட்டில் நீட்டிய 60 மீட்டர் கம்பத்தின் நுனியில் இன்னொன்று. கீழே அனுப்பிய அலை தரையில் பட்டுத் திரும்பும்போது இரண்டு ஆண்டெனாக்களையும் மிகச் சிறிய வேறுபாட்டோடு அடைகிறது. நம் இரு கண்களும் ஒரே பொருளைச் சற்று வெவ்வேறு கோணத்தில் பார்ப்பதால் தொலைவை உணர்கிறோம் அல்லவா? அதே தந்திரம்தான், கண்களுக்கு இடையே 60 மீட்டர். வடக்கே 60 பாகையிலிருந்து தெற்கே 56 பாகை வரை, பூமியின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 80 சதவீதம் இப்படி அளக்கப்பட்டது. எஸ்.ஆர்.டி.எம். என்று அழைக்கப்படும் இந்தத் தரவை இன்று எவரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இதற்குப் பிறகு ஜெர்மனியின் இரட்டைச் செயற்கைக்கோள்கள் எடுத்த அளவீட்டிலிருந்து உருவான கோப்பர்நிக்கஸ் தரவும் வந்தது. நம் கார்ட்டோசாட்-1 2005 முதல் இரட்டைக் கேமராவால் எடுத்த படங்களிலிருந்து இஸ்ரோ உருவாக்கிய தரவும் புவன் தளத்தில் கிடைக்கிறது.

எஸ்.ஆர்.டி.எம். கோப்பு ஒவ்வொன்றும் ஒரு பாகை அகலம், ஒரு பாகை உயரம். நீலகிரிக்கான கோப்பின் பெயர் என்11இ076. தென்மேற்கு மூலையின் அட்சரேகையும் தீர்க்கரேகையும்தான் பெயர். உள்ளே 3,601 வரிசை, வரிசைக்கு 3,601 எண்கள். புள்ளிக்குப் புள்ளி சுமார் 30 மீட்டர். 3,600 இல்லாமல் ஏன் 3,601? பத்து இடைவெளி விட்டுப் பந்தல் போட வேண்டுமென்றால் பதினொரு கால் நட வேண்டும். அந்தக் கணக்குதான். விளையாட்டு கேட்கும் படமும் அதனாலேயே 1,081 பிக்சல் அகலம்: 16 மீட்டர் அகலமுள்ள 1,080 கட்டங்கள், 1,081 கால்கள்.

அடுத்து, உருண்டையைத் தட்டையாக்க வேண்டும். தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்குவதால், கோப்பை அப்படியே படமாக விரித்தால் ஊர்கள் கிழக்கு மேற்காக இழுபட்டுத் தெரியும். குன்னூர் பூமத்திய ரேகையிலிருந்து பதினொன்றரைப் பாகைக்குள் இருப்பதால் நமக்கு வரும் பிழை இரண்டு சதவீதம்தான். கண்ணுக்கே தெரியாது. நார்வேக்காரர்கள் பாவம். அவர்கள் ஊரில் மலை இரண்டு மடங்கு அகலமாகிவிடும். இருந்தாலும் கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் முறைப்படி மாற்றிக்கொள்வதே நல்லது. இரண்டே சொடுக்கு.

இங்கேதான் ஒரு கணக்கு என்னை நிறுத்தியது. என் 17.28 கிலோமீட்டர் சதுரத்துக்குள் விண்கலம் அளந்த புள்ளிகள் சுமார் 3,20,000. விளையாட்டு கேட்பது 11,68,561. அதாவது நான்கில் ஒரு புள்ளிக்குச் சற்று அதிகமாகத்தான் அளவீடு. மற்ற மூன்றும் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து இட்டு நிரப்பிய ஊகம். “உண்மையான மலை” என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். முக்கால்வாசி அது கணக்கு வாத்தியாரின் மலை. பக்கத்துப் புள்ளிகளின் சராசரியால் நிரப்பினால் பாறையின் கூர்மை போய் எல்லாம் சோப்புக்கட்டிபோல வழவழப்பாகும். அருகிலுள்ள எண்ணை அப்படியே படியெடுத்தால் சதுரம் சதுரமாக நிற்கும். நடுவழி உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

அளந்த புள்ளிகளும் அப்பழுக்கற்றவை அல்ல. ரேடார் சாய்வாகப் பார்ப்பதால் செங்குத்துச் சரிவின் மறுபுறம் நிழல் விழும். அங்கே எண் இல்லை. மூலக் கோப்பு அந்த இடத்தில் -32,768 என்று எழுதி வைக்கிறது. கவனிக்காமல் ஏற்றினால் மலைச்சரிவில் 32 கிலோமீட்டர் ஆழத்துக்குப் பாதாளம் திறக்கும். இதைவிட நுட்பமான சிக்கல், அந்த ரேடாரின் அலைநீளம் 5.6 சென்டிமீட்டர் என்பது. அது அடர்ந்த காட்டின் இலைக்கூரையைத் தாண்டித் தரை வரை இறங்குவதில்லை. மலையடிவாரக் கல்லாற்றின் பாக்குத் தோப்பிலும் அதற்கு மேலுள்ள காட்டிலும் நமக்குக் கிடைப்பது தரையின் உயரம் அல்ல, மரத்தின் உயரம். அதன்மேல் விளையாட்டு வேறு மரம் நடுகிறது. மரத்தின் தலையில் மரம். பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கோப்பர்நிக்கஸ் தரவிலிருந்து மரங்களையும் கட்டடங்களையும் கணினிக்குப் பயிற்சி கொடுத்துக் கழித்துத் தனித் தரவாகவே வெளியிட்டிருக்கிறார்கள். காட்டு மலை செய்பவர்கள் அதைப் பார்க்கலாம்.

இப்போது உயரத்துக்கு வருவோம். விளையாட்டுக்கு மலையைக் கொடுப்பது ஒரு கறுப்பு வெள்ளைப் படமாகத்தான். கறுப்பு பள்ளம், வெள்ளை உச்சி, நடுவில் சாம்பல். சாதாரணப் படத்தில் சாம்பலுக்கு 256 சாயல்களே உண்டு. 1,024 மீட்டரை 256-ஆல் வகுத்தால் ஒரு சாயலுக்கு நான்கு மீட்டர். மலை முழுதும் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கில் படிக்கட்டுகள் வந்துவிடும். கேத்திப் பள்ளத்தாக்கின் காய்கறி வயல்கள் அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம், ஆனால் பாறையிலுமா? அதனால் 16 பிட் படம் தேவை. அதில் 65,536 சாயல்கள். ஒரு மீட்டருக்கு 64 படி.

ஆனால் அந்த 1,024 மீட்டர் என்பது விளையாட்டின் கூரை. அதற்கு மேல் நிலம் எழும்பாது. மேட்டுப்பாளையம் 326, குன்னூர் சுமார் 1,850. வித்தியாசம் 1,500 மீட்டரைத் தாண்டுகிறது. குன்னூரைச் சுற்றியுள்ள முகடுகள் அதற்கும் மேலே. மலை உள்ளே நுழையவில்லை.

வழிகள் இரண்டு. எல்லாவற்றையும் ஒரே அளவில் பாதியாகச் சுருக்கலாம்: 34.56 கிலோமீட்டர் சதுரத்தை எடுத்து 17.28-க்குள் அமுக்குவது. சரிவுகள் மாறாது, ஊட்டியும் தொட்டபெட்டாவும்கூட உள்ளே வந்துவிடும். ஆனால் ரயில் பெட்டியும் வீடும் சாலையும் சுருங்காது. பொம்மை மலையில் பூதாகர ரயில் ஓடும். அப்போதும் 2,637 மீட்டர் தொட்டபெட்டா கூரையில் இடித்து, நூறு மீட்டருக்கு மேல் தலை வெட்டுப்படும். மற்றொரு வழி, அகலத்தை விட்டுவிட்டு உயரத்தை மட்டும் பாதியாக்குவது. நான் இதைத்தான் செய்தேன். திரையில் பார்க்க மோசமாக இல்லை. இதன் விலை பின்னால் தெரிந்தது.

தண்ணீர் தனி வேலை. மேட்டுப்பாளையத்தில் பவானி ஓடுகிறது, ஆனால் ரேடார் தண்ணீரின் மேற்பரப்பைத்தான் பார்த்தது. ஆற்றின் படுகை தரவில் இல்லை. 30 மீட்டருக்குக் குறுகிய ஓடைகள் அடையாளமே இல்லை. பாலம் இருக்கும் இடத்தில் ஆற்றுக்குக் குறுக்கே மண்மேடு நிற்கிறது, அணைபோல. விளையாட்டில் தண்ணீர் உண்மையாகவே ஓடும் என்பதால், இப்படி ஒரு மேடு போதும், ஊர் மூழ்கிவிடும். ஆகவே முதலில் குழிகளைத் தேடி, வழிந்தோடும் உயரம் வரை நிரப்ப வேண்டும். பிறகு ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும் என்று கணக்கிட்டால், அதிகப் புள்ளிகளின் தண்ணீர் வந்து சேரும் கோடுகளே ஓடைகள். அந்தக் கோடுகளைச் சில மீட்டர் ஆழம் வெட்டினால் ஆறு தன் இடத்தில் படுத்துக்கொள்ளும்.

முன்பு சொன்ன நடுவழி இங்கே வருகிறது. கற்பனை மலைக்காரர்களிடமிருந்து ஒரு கருவியைக் கடன் வாங்கலாம். கென் மஸ்கிரேவும் சக ஆய்வாளர்களும் 1989-இல் காட்டிய வழி, மண் அரிப்பைக் கணினியில் நடத்திப் பார்ப்பது. ஒரு துளி மழையை எங்காவது போடு. அது செங்குத்தான பக்கம் உருளும். வேகம் கூடினால் மண்ணைக் கிள்ளும், வேகம் குறைந்தால் இறக்கி வைக்கும். இதை இலட்சம் முறை செய். ஊகித்து நிரப்பிய வழவழப்பான முக்கால்வாசிப் புள்ளிகளில் சிறு வாய்க்கால்களும் அடிவாரத்தில் மண் விசிறிகளும் தோன்றும். பெரிய பள்ளத்தாக்குகளை உண்மைத் தரவு ஏற்கெனவே தந்திருப்பதால் கை அளவாக வைக்க வேண்டும். நான் ஒரு முறை துளிகளை அள்ளிக் கொட்டி, குன்னூரைப் பத்துக் கோடி ஆண்டு கிழடாக்கிவிட்டேன்.

நிறம் தீட்ட அதிகச் சிரமமில்லை. சரிவு 40 பாகையைத் தாண்டினால் பாறை, குறைந்தால் புல் என்பது எங்கும் செல்லும் விதி. நீலகிரிக்கு மட்டும் ஒன்றைச் சேர்க்கலாம். அங்கே மேல்மலையின் சோலைக்காடு உச்சியில் நிற்பதில்லை. ஈரமும் காற்றிலிருந்து ஒதுக்கமும் கிடைக்கும் மடிப்புகளில்தான் ஒடுங்கிக்கொள்கிறது, முகடெல்லாம் புல். தரை உட்குழிந்திருக்கிறதா, வெளியே புடைத்திருக்கிறதா என்று ஒரே ஒரு கணக்குப் போட்டு, குழிவுக்கு மரமும் புடைப்புக்குப் புல்லும் கொடுத்தேன். அதுவரை ஏதோ ஒரு மலையாக இருந்தது, அந்த நிமிடத்தில் நீலகிரி ஆனது.

கடைசியில் ரயில். 46 கிலோமீட்டர் மலைப்பாதை, 1891-இல் வேலை தொடங்கி 1908-இல் ஊட்டியைத் தொட்டது. தண்டவாளத்துக்காக மலையில் வெட்டிய திட்டு சில மீட்டர் அகலம்தான், எனவே 30 மீட்டர் தரவில் அது இல்லவே இல்லை. வரைபடத்தைப் பார்த்து நானே கையால் இட்டேன். விளையாட்டு தானாகவே தரையை வெட்டி இடம் கொடுத்தது. கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே உண்மையில் பன்னிரண்டரை மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம். சாதாரணச் சக்கரம் வழுக்கிவிடும் என்பதால்தான் இரு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த சட்டம் போட்டு, என்ஜினின் பற்சக்கரம் அதைக் கவ்வி ஏறும்படி செய்தார்கள். விளையாட்டில் பற்சக்கர ரயில் கிடையாது. ஏறாது என்றுதான் நினைத்தேன். ரயிலோ பேசாமல் ஏறிப்போனது. உயரத்தைப் பாதியாக்கியதில் ஏற்றம் இருபத்தைந்துக்கு ஒன்றாகியிருந்தது. குன்னூரிலிருந்து ஊட்டிக்குப் போகும் நிஜப் பாதையில் பற்சட்டம் இல்லை, அங்கே அதிகபட்ச ஏற்றம் இருபத்து மூன்றுக்கு ஒன்று. என் மலை அதைவிடச் சாது.