மருதமுனைச் சாரிக் கடையும் ‘ஹோம்’ என்ற தலைப்பும்: இணையப் பக்கத்துக்குத் தலைப்பு எழுதும்போது கவனிக்க வேண்டியவை

மட்டக்களப்பில் இணையத்தளம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். இரண்டு மாதங்களுக்கு முன் மருதமுனையிலிருந்து கைத்தறி வியாபாரி ஒருவர் வந்தார். அண்ணன் என்ற பொருளில் அவரை ‘நானா’ என்பேன். “தம்பி, கடைப் பெயரைத் தட்டினால் என் தளம் வருகிறது. மருதமுனைச் சாரி என்று தட்டினால் காணவில்லையே” என்றார்.

தளத்தைத் திறந்து உலாவியின் மேல்விளிம்பைக் காட்டினேன். பக்கத்தின் தலைப்பு அங்கேதான் தெரியும். ‘ஹோம்’ என்றிருந்தது. ஒன்பது பக்கங்களுக்கும் அதே ‘ஹோம்’. படத்துக்கும் நிறத்துக்கும் மெனக்கெட்டவர்கள் இந்த ஒரு வரியை மறந்துவிட்டார்கள். கூகுளின் தேடல் முடிவில் பெரிய எழுத்தில் தெரிவதும், ஆட்கள் தொட்டு உள்ளே வருவதும் பெரும்பாலும் இந்த வரிதான். பக்கத்துக்குள் அது தெரியாது என்பதால் உரிமையாளர் கண்ணில் படுவதேயில்லை.

‘தரத்தின் மறுபெயர்’ என்று போடச் சொன்னார். “நானா, அப்படி யாரும் தேடமாட்டார்கள். தொலைபேசியில் உங்களிடம் என்ன கேட்கிறார்கள்?” என்றேன். “மருதமுனைக் கைத்தறிச் சாரி என்ன விலை என்றுதான்.” தலைப்பு கிடைத்துவிட்டது: ‘மருதமுனைக் கைத்தறிச் சாரிகள்: வகைகளும் விலையும்’. கடைப் பெயரைக் கடைசியில் வைத்தோம். ஆண்கள் இடுப்பில் உடுத்தும் சாரத்துக்குத் தனிப் பக்கம், தனித் தலைப்பு.

எத்தனை எழுத்து வரலாம் என்று பலர் கேட்கிறார்கள். கூகுள் எண்ணிக்கை எதையும் விதிக்கவில்லை. திரையில் இடம் போதாவிட்டால் வெட்டிவிடும், அவ்வளவுதான். தமிழ் எழுத்துகள் அகலமானவை. ஆங்கிலத்துக்குச் சொல்லப்படும் அறுபது எழுத்துக் கணக்கு நமக்குப் பொருந்தாது. ‘இலங்கையின் கிழக்கு மாகாணத்தில் அமைந்துள்ள’ என்று தொடங்கினால் மருதமுனை வருவதற்குள் வரி முடிந்துவிடும். ஊரையும் பொருளையும் முன்னே வையுங்கள்.

பாசிக்குடா, அறுகம்பை விடுதிக்காரர்களுக்கு வேறு சிக்கல். ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். அத்தனையையும் தலைப்பில் அடைக்காதீர்கள், அசிங்கமாக இருக்கும். ஒன்றைத் தலைப்பில் வைத்து, மற்றதைப் பக்கத்துக்குள் இயல்பாகச் சொன்னால் போதும். வெளிநாட்டு விருந்தினருக்கு ஆங்கிலப் பக்கம் தனியாக இருக்கட்டும்.

நான் செய்த தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு விளையாட்டுக் கழகத்தின் தளத்துக்குப் பாமினியில் (ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவம் கொடுக்கும் பழைய எழுத்துரு) தட்டிய தலைப்பை அப்படியே ஒட்டிவிட்டேன். பக்கத்துக்குள் எழுத்துரு இருந்ததால் அங்கே தமிழ் தெரிந்தது. தலைப்புக்கு அந்த எழுத்துரு செல்லாது. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரே குப்பை. கூகுளுக்குக் கிடைத்ததும் அந்தக் குப்பைதான். நம் பக்கத்தில் இன்றும் பலர் பாமினியில்தான் தட்டுகிறார்கள். தனி எழுத்துரு இல்லாமலே தமிழாகத் தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றிய பிறகே ஒட்டுங்கள்.

நல்ல தலைப்பு எழுதினால் முதலிடம் நிச்சயமா? இல்லை. நாம் எழுதியதையே கூகுள் காட்டும் என்றுகூட உறுதியில்லை. தலைப்பு மொட்டையாக இருந்தால் பக்கத்துக்குள் இருக்கும் வேறு வரியை எடுத்துப் போட்டுக்கொள்ளும். மாற்றம் தெரியவும் சில நாட்களோ வாரங்களோ ஆகும். என்ன சொல் தட்டி வருகிறார்கள் என்பதைக் கூகுள் சேர்ச் கன்சோலில் இலவசமாகப் பார்க்கலாம்.

நானாவின் தளத்தைச் சென்ற வாரம் அதில் பார்த்தோம். சாரியைவிடச் சாரத்தைத் தேடித்தான் அதிகம் பேர் வந்திருந்தார்கள். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. சாரப் பக்கத்தில் அவர் இன்னும் ஒரு படம்கூடப் போட்டிருக்கவில்லை.