36 மாத அவகாசமும் தப்பான ஓட்டையும்: ‘ஏ.டி.’ என்றால் என்ன?

ஒரு ரக விமானத்தில் ஆபத்தான குறை இருப்பது தெரிந்தால், அதைச் சரிசெய்யச் சொல்லி அரசுத் துறை போடும் உத்தரவுக்குப் பெயர் ‘ஏர்வொர்த்தினஸ் டைரக்டிவ்’. விமானங்களைப் பழுதுபார்க்கும் ஹேங்கரில் சுருக்கமாக ஏ.டி. தயாரிப்பாளர் அனுப்பும் சர்வீஸ் புல்லட்டின் பொதுவாகப் பரிந்துரைதான், ஏ.டி. சட்டம். கெடு தாண்டினால் விமானம் பறக்கக் கூடாது. போயிங் விமானங்களுக்கு இதைப் போடுவது அமெரிக்காவின் விமானப் போக்குவரத்துத் துறையான எஃப்.ஏ.ஏ.

கெடு ஒரே மாதிரி இருக்காது. சில ஏ.டி.க்கு அடுத்த முறை பறப்பதற்கு முன்பே வேலையை முடித்தாக வேண்டும். சிலவற்றுக்கு மாதக்கணக்கில் அவகாசம் உண்டு. அதுவரை, வேலை பாக்கியுள்ள விமானமும் சட்டப்படி சரியான விமானம்தான்.

போயிங் 787-இன் முன்சக்கரக் காலைப் பாருங்கள். தரையில் வைத்துச் சோதிக்கும்போது கால் மடங்கிவிடாமல் இருக்க ‘பின்’ என்ற பூட்டு ஊசி ஒன்றைச் செருகுவார்கள். செருக வேண்டிய ஓட்டைக்குப் பக்கத்திலேயே இன்னோர் ஓட்டை. அதிலும் பின் போகும், ஆனால் கால் பூட்டாது. ஏற்கெனவே இந்தத் தவறு நடந்திருந்ததால், அந்தத் தப்பான ஓட்டையில் ஒரு புஷ் (சிறு உலோக வளையம்) வைத்து அடைக்கச் சொன்னது எஃப்.ஏ.ஏ. ஆணை அமலானது 2020 ஜனவரியில். அவகாசம் 36 மாதம்.

2021 ஜூன் 18. லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் பிரிட்டிஷ் ஏர்வேஸின் 787-8 ஒன்றில், பிராங்பர்ட் போக வேண்டிய சரக்கு ஏறிக்கொண்டிருந்தது. ஒரு கோளாறைப் பார்க்க, சக்கரக் கால்களை மடக்கும் லேண்டிங் கியர் லிவரை மேலே தூக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. முதலில் பின் செருக வேண்டும். தலைமை மெக்கானிக்குக் கை எட்டவில்லை. அவர் இடத்தைக் காட்ட, இன்னொருவர் பின்னைச் செருகினார். அந்தப் பின் என்னவோ ஒழுங்காகத்தான் உட்கார்ந்தது, பக்கத்து ஓட்டையில். லிவரைத் தூக்கியதும் கால் மடங்கி, மூக்கு தரையில் மோதியது. நல்லவேளை, சிறு காயங்களோடு போயிற்று.

அந்த விமானத்தில் புஷ் இன்னும் வைக்கப்படவில்லை. கெடு முடிய ஒன்றரை வருஷத்துக்கும் மேல் மிச்சம் இருந்ததால், விதி மீறல் என்றும் சொல்ல முடியாது.

ஒரு புஷ்ஷுக்கு 36 மாதமா? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அவசரமில்லாத ஏ.டி.க்கு எஃப்.ஏ.ஏ. வழக்கமாக முதலில் வரைவு வெளியிட்டுக் கருத்துக் கேட்கும். கெடு சரியா என்று யார் வேண்டுமானாலும் அப்போது எழுதிக் கேட்கலாம். ஆணைகள் எல்லாம் அதன் இணையதளத்திலேயே கிடைக்கும். திறந்தால் ‘கம்ப்ளையன்ஸ்’ என்ற பகுதிக்கும் அதற்கு அடுத்து வரும் பகுதிகளுக்கும் போங்கள், கெடுவின் கணக்கு அங்கேதான் இருக்கும்.